சோடா இல்லை, தேத்தண்ணி இருக்கு

அவளுடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அடுத்த கேள்வியாக "எவடம்?" என்று கேட்பார்கள். இடத்தைச் சொன்னால் "எந்தக் கோயிலடி?" என்று பக்கத்துக் கோயிலை விசாரிப்பார்கள். கோயிலையும் சொன்னால் சாதி பிடிபட்டுவிடும், "ஓகோ" என்று ஒரு இழுவை இழுத்துவிட்டுக் கதையை வேறு பக்கம் திருப்புவார்கள். அந்த "ஓகோ"வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே இங்கே அவள் வெறும் அவள்தான். நெல்லியடிக்குக் கிட்ட ஒரு ஊர். அவ்வளவும் போதும்.

அவளுடைய வீட்டில் சோடா கிடையாது. யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் ஊர்களில் சோடாவுக்குத் தாகம் தீர்ப்பதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. சாதியில் தங்களுக்குக் கீழே என்று நினைக்கிற ஒருவருடைய வீட்டுக்குச் சிலவேளை போகத்தான் வேண்டியிருக்கும். போகாமலும் இருக்கமுடியாது, அந்த வீட்டுக் கப்பில் வாய் வைக்கவும் மனம் வராது. அதற்குத்தான் சோடா. மூடி போட்ட போத்தல், கொம்பனியிலிருந்து நேரே வந்தது. ஒரு ஸ்ரோவையும் போட்டுவிட்டால் உதடுகூடப் போத்தலில் படாது. குடித்துவிட்டு, "நாங்கள் அவையின்ரை வீட்டிலை குடிச்சனாங்கள்தானே" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரலாம். வீட்டுக்காரருக்கும் இது தெரியும். வருகிறவர் படலையைத் திறக்கும்போதே பின்பக்கத்தால் வீட்டுப் பிள்ளையொன்று கடைக்கு ஓடும்.

"உதெல்லாம் அந்தக் காலம், இப்ப ஆர் உதுகளைப் பாக்கினம்" என்று சொல்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். சொல்லும்போதே அவர்களுடைய கையில் சோடாப் போத்தல் இருக்கும். வாயில் வருவதை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவளை நான் சந்தித்தது யாழ்ப்பாணம் நகரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில். உணவுச்சேவை முகாமைத்துவ டிப்ளோமா. பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாமல் போன பெண்களும், கட்டாருக்குப் போகக் காத்திருந்த பெடியன்களுமாகச் சேர்ந்த வகுப்பு. "ஏ.எல். படிச்சுப்போட்டு அகப்பை பிடிக்கப் போறியோ?" என்று என்னுடைய அம்மா ஒரு கிழமை அழுதார். பெரிய சமையற்கூடம் ஒன்றை எப்படி நடத்துவது, யார் எங்கே நிற்பது, எந்த நேரத்தில் எது அடுப்பில் ஏறுவது, இத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி என்பதுதான் படிப்பு. அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தி எனக்கு வாய் நொந்தது.

அவள் நல்ல சமையல்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவளுடைய பிட்டு கல்லு. உப்பு விஷயத்தில் அவளை நம்பவே முடியாது. ஆனால் குசினியை நடத்து என்று விட்டால் நடத்துவாள். "என்னடா மாடு மாதிரி நிக்கிறாய், தேங்காயைத் திருவு!" என்று ஒரு சத்தம். கட்டாருக்குப் போகிற பெடியன் திருவுவான். மேசை துடைக்கிற துணியால் சட்டி துடைத்தவளை அவள் ஒரு பகல் முழுக்கத் திட்டியிருக்கிறாள். அந்தத் துடைத்தவள் நான்தான். ஒரு துணிக்காக இரண்டு கிழமை நாங்கள் கதைக்காமல் இருந்தோம். பிறகு அவளே வந்து, "சரி, வா, வெங்காயம் உரிப்பம்" என்றாள். மன்னிப்பு எல்லாம் அவளுக்குக் கேட்கத் தெரியாது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் நாங்கள் மாறி மாறிப் பரிமாற வேண்டும். தேத்தண்ணிக் கப்பை யாருக்காவது முன்னால் வைத்துவிட்டால் அவள் நகரமாட்டாள். தட்டத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். அவர் எடுத்து முதல் மிடறைக் குடித்து விழுங்கின பிறகுதான் அடுத்த மேசைக்குப் போவாள். வந்தவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். எங்களுக்குப் படிப்பித்த மிஸ் பலதடவை சொல்லிப் பார்த்தா.

"பிள்ளை, கஸ்ரமர் குடிக்கிறதை வாய் பாத்துக்கொண்டு நிக்கக் கூடாது. அது சேவை முறையில்லை."

"ஓம் மிஸ்," என்பாள். அடுத்த கப்புக்கும் நிற்பாள்.

ஏன் அப்படி என்று ஒருநாள் வெங்காயம் உரிக்கும்போது கேட்டேன். அவளுடைய கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால்தான். அவள் அழுகிற ஆள் இல்லை.

"சின்னனிலை வீட்டிலை சோடா வாங்க ஓடினது நான்தான்டி. ஆர் வந்தாலும் அம்மா கண்ணைக் காட்டுவா, நான் ஓடுவன். அது ஏனெண்டு எனக்குத் தெரியாது. எங்கடை தேத்தண்ணி சரியில்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"பிறகு?"

"ஏ.எல். ரிசல்ற்ஸ் வந்த அண்டைக்கு எனக்குப் படிப்பிச்ச ரீச்சர் வீட்டை வந்தவ. என்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினவ. எனக்கு அவவிலை உயிர். அம்மா நல்ல பால் விட்டுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா. ரீச்சர் கப்பைப் பாத்திட்டு, 'எனக்குச் சோடா ஒண்டு காணும் பிள்ளை' எண்டா. கட்டிப்பிடிச்ச மனிசி, கப்பைப் பிடிக்க மாட்டாவாம். அம்மா என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டினா. நான் ஓடேல்லை. 'சோடா இல்லை ரீச்சர், தேத்தண்ணி இருக்கு' எண்டு சொன்னன். அவ எழும்பிப் போட்டா."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோடா என்ற பேச்சே இல்லை. நாங்கள் வகுப்பாகப் பருத்தித்துறை மீன்சந்தை பார்க்கப் போய்த் திரும்பும்போது அவளுடைய வீட்டில் இறங்கினோம். எங்களோடு வந்த ஒருத்தி, அவள் பெயரையும் எழுதவில்லை, முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "எனக்குத் தேத்தண்ணி குடிச்சால் வயிறு எரியும், குளிரா ஒரு சோடா எடுப்பியோ?" என்று கேட்டாள். கல்லூரியில் அவள் நாளுக்கு நாலு பிளேன்ரீ, பால் விடாத வெறும் தேத்தண்ணி, குடிக்கிறவள். இவள் சிரித்தாள். "சோடா இல்லை, தேத்தண்ணி இருக்கு. வேண்டாமெண்டால் தாகத்தோடை போ." தட்டத்தோடு அவளுக்கு முன்னால் நின்றுகொண்டாள். பஸ் வரும் வரைக்கும் நின்றாள். மற்றவள் தாகத்தோடுதான் போனாள்.

இனி என்னுடைய வீட்டுக் கதை. சொல்லாமல் விட்டால் அது பெரிய பொய்யாகிவிடும்.

எங்கள் வீடு கொக்குவிலில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில். நாங்கள் வேதக்காரர். அம்மா மிஷன் பள்ளிக்கூடமொன்றில் படித்து, அங்கேயே படிப்பித்து, ஓய்வுபெற்றவர். ஞாயிறு ஆராதனை தப்பாது. "எங்கடை வீட்டிலை உந்தச் சாதி கீதி பாக்கிறேல்லை" என்பது அம்மாவின் விசுவாசப் பிரமாணத்தின் கடைசி வரி. கேட்டுக் கேட்டு நானும் நம்பியிருந்தேன்.

ஒருநாள் அவளும் எங்கள் சபைப் பிள்ளை ஒருத்தியும் படிக்க வீட்டுக்கு வந்தார்கள். அம்மா அவளை ஆசையாக விசாரித்தார். எவடம் என்று கேட்டார். எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் ஒன்றையும் ஒளிக்கிறவள் இல்லை, வீடு இருக்கிற சந்து, அந்த ஒழுங்கை வரைக்கும் சொன்னாள். அம்மா குசினிக்குப் போய்த் தேத்தண்ணியோடு வந்தார். எனக்கு நீலக் கரை போட்ட பீங்கான் கப். சபைப் பிள்ளைக்கும் நீலக் கரை போட்ட பீங்கான் கப். அவளுக்குக் குடித்துவிட்டு எறிகிற பேப்பர் கப்.

"கொரோனா வந்தாப் பிறகு வெளியாக்களுக்குப் பேப்பர் கப்தான் பிள்ளை. சுகாதாரம் பாருங்கோ," என்றார் அம்மா. சபைப் பிள்ளை மட்டும் எப்போது உள் ஆளானாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் காது சுட்டது. வாயைத் திறக்கப் போனேன். அவள் மேசைக்குக் கீழால் என்னுடைய காலை மிதித்தாள். பேப்பர் கப்பை எடுத்து, ஆறுதலாக, அடிவரைக்கும் குடித்தாள். "இஞ்சி போட்டிருக்கிறியள் என்ன அன்ரி? நல்லா இருக்கு," என்றாள். பிறகு எழும்பிக் குசினிக்குள் போனாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பேப்பர் கப்பைச் சவர்க்காரம் போட்டு உள்ளேயும் வெளியேயும் கழுவினாள். அலசினாள். அம்மாவின் பீங்கான் கப்புகளுக்கு நடுவில், கவிழ்த்து, வடிய வைத்தாள்.

"கழுவி வைச்சிருக்கிறன் அன்ரி. அடுத்தமுறை வந்தாலும் அதிலையே தாங்கோ."

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊறித் தொய்ந்துபோன அந்தக் கப் நீலக் கரைகளுக்கு நடுவில் இருந்தது. அவள் படலையைத் தாண்டியதும் அம்மா அதை இரண்டு விரலால் தூக்கி எறிந்தார்.

"அம்மா, உதென்ன வேலை?"

"நான் என்ன செய்தனான்? தேத்தண்ணி குடுத்தனான்தானே. குடுக்காமல் விட்டனானே?"

அன்றைக்கு நான் அம்மாவோடு கதைத்த கதையை அச்சில் போடமுடியாது. அவரும் விடவில்லை. "உனக்கு உலகம் தெரியாது" என்றார், "உன்ரை கலியாணத்தை யோசிச்சுத்தான்" என்றார், கடைசியில் தலையிடி என்று படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எழும்பி, வெள்ளைச் சீலை உடுத்து, தேவாலயத்துக்குப் போனார். நான் போகவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

அடுத்தது சோதனை நாள். அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

டிப்ளோமாவின் கடைசிச் சோதனை எழுத்துச் சோதனை இல்லை. ஒவ்வொருவரும் ஒருநாள் முகாமையாளராக நின்று ஒரு மதிய விருந்தை நடத்திக் காட்ட வேண்டும். கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். குசினியைப் பார்ப்பார், பரிமாறுவதைப் பார்ப்பார், கடைசியில் கழுவுகிற இடத்தில் நின்று திரும்பி வருகிற தட்டுகளைப் பார்ப்பார். தட்டில் சாப்பாடு மிஞ்சி வந்தால் விருந்தில் குறை என்று அர்த்தம். தட்டு அப்படியே வந்தால் சித்தியில்லை. நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஹொட்டேல் சித்தியடைகிறவளுக்கு மேற்பார்வையாளர் வேலை தருவதாகச் சொல்லி, அவளை நேர்முகத்தில் எடுத்தும் வைத்திருந்தது. சேர்ட்டிபிக்கற் ஒன்றுதான் பாக்கி. அவளுடைய தாய் ஊருக்குத் தையல் தைத்துத் தைத்துக் கண் மங்கிப் போயிருந்தார். "வாற மாசத்தோடை மெசினை மூடிப்போடுங்கோ எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போட்டன்," என்று அவள் எங்களிடம் சொல்லித் திரிந்தாள்.

அவளுடைய முறை வந்த நாளில் விருந்தாளிகள் யார் தெரியுமா? எங்கள் குசினியைக் கட்டித் தந்த வெளிநாட்டுச் சங்கத்தின் உள்ளூர்க் கமிட்டி. வேட்டி, நஷனல் சட்டை, மணக்கிற சென்ற். சைவக்காரரும் இருந்தார்கள், எங்கள் வேதக்காரரும் இருந்தார்கள். இந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை வருவதேயில்லை.

அதற்கு முதல்நாள் மிஸ் அவளைக் கூப்பிட்டா.

"பிள்ளை, மெனுவிலை ஒரு பக்கமாக் கொஞ்சம் சோடாவும் பக்கற் கேக்கும் வையும்."

"ஏன் மிஸ்?"

"சிலபேருக்கு வசதியா இருக்கும்."

"ஆருக்கு மிஸ்? ஏன் வசதி?"

மிஸ் நிலத்தைப் பார்த்தா. "உமக்கு விளங்கும்."

"எனக்கு விளங்குது மிஸ். முகாமையாளர் நான்தானே? சோடா இல்லை."

புதன்கிழமை. நல்ல வெயில். சம்பாச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முருங்கைக்காய், மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்குக் கணவாய்க்கறி, பயறு போட்ட பாயாசம். அவள் ஒன்றிலும் கை வைக்கவில்லை, உப்பை எங்களிடமே விட்டுவிட்டாள், அந்த அறிவு அவளுக்கு இருந்தது. நின்ற இடத்தில் நின்றுகொண்டு எல்லோரையும் ஆட்டி வைத்தாள். அவ்வளவு ஒழுங்காக ஒரு குசினி ஓடியதை இன்றைக்கு ஹொட்டேலில் வேலை செய்யும் நான்கூடப் பிறகு கண்டதில்லை. தலைமேசைக்கு முதல் தட்டை முகாமையாளரே கொண்டுபோய் வைத்து வரவேற்க வேண்டும் என்பது சோதனை விதி. அவள் வெள்ளைச் சட்டையோடு தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு, வழக்கம் போல, நின்றாள்.

கமிட்டித் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லாச் செய்திருக்கிறியள். பிள்ளை எவடம்?"

சொன்னாள்.

"அங்கை எந்தக் கோயிலடி?"

அதையும் சொன்னாள். ஒழுங்கையையும் சேர்த்து, சத்தமாக, ஐந்து மேசைக்குக் கேட்கச் சொன்னாள்.

"ஓகோ," என்றார் தலைவர்.

சோற்றில் கை வைக்கப் போனவர் கையை மெல்ல எடுத்து வேட்டியில் துடைத்தார். துடைக்க அந்தக் கையில் ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இருந்தவர் இவரைப் பார்த்தார். மேசையைச் சுற்றி ஒவ்வொரு கையாகப் பின்வாங்கியது.

"சோடா இருக்கோ பிள்ளை?"

"இல்லை ஐயா. தண்ணி இருக்கு, மோர் இருக்கு, தேத்தண்ணி இருக்கு."

"எனக்கு இண்டைக்கு விரதம். நான் மறந்துபோனன்," என்றார் தலைவர். அடுத்தவருக்கும் விரதம். செயலாளருக்கும் விரதம். புதன்கிழமையில், ஒரு விசேஷமும் இல்லாத நாளில், ஒரு மேசை முழுக்க ஒரே நேரத்தில் விரதம் பிடித்துக்கொண்டது! அங்கிருந்த எங்கள் சபை ஐயாவுக்கு விரதம் சொல்ல வழியில்லை. அவர் வயிற்றைத் தடவி, "எனக்குக் காலமையிலிருந்து வயிறு சரியில்லை" என்றார். அந்த வயிற்றை எனக்குத் தெரியும். கூட்டுவிருந்துகளில் அது எப்படிச் சாப்பிடும் என்று பார்த்திருக்கிறேன்.

தட்டுகள் அப்படியே கழுவுகிற இடத்துக்குத் திரும்பி வந்தன. மதிப்பீட்டாளர் அங்கே நின்றார். ஒரு கரண்டி எடுத்துக் கத்தரிக்காயை ருசி பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. ஏன் இது அப்படியே வந்திருக்கு?"

"விரதம் சேர்," என்றா மிஸ், அவசரமாக. "அவையளுக்கு இண்டைக்கு விரதம். முன்கூட்டிச் சொல்ல மறந்திட்டினம்."

மதிப்பீட்டாளர் அவளைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். "அப்படியா தங்கச்சி? விரதம் என்றால் எனக்குப் பிரச்சினை இல்லை. இந்த மேசையை விட்டுவிட்டு மற்ற மேசைகளைப் பார்க்கலாம். மற்றதெல்லாம் திறம். நீங்களும் ஒருக்கா அதைச் சொல்லுங்கோ, அது போதும்."

ஓம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் சித்தி, வேலை, தாயின் மெசினுக்கு ஓய்வு. குசினியில் நின்ற அத்தனை பேரும் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எனக்கு இந்தப் பாஸ் வேணும் சேர்," என்றாள். "வேலையும் வேணும். ஆனால் அது விரதம் இல்லை."

"அப்ப என்ன? சமையலில் குறையா?"

"சமையலிலை குறையில்லை. கொண்டுபோய் வைச்ச கையிலைதான் அவைக்குக் குறை."

"வாயை மூடும் பிள்ளை!" என்றா மிஸ். "உம்மடை நல்லதுக்குத்தான் சொல்லுறன். உதெல்லாம் இஞ்சை கதைக்கிற கதையோ?"

அவள் மிஸ்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலைவருடைய தட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். மதிப்பீட்டாளர் பின்னால் போனார். நாங்களும் போனோம். தட்டை அவருக்கு முன்னால் வைத்தாள்.

"ஐயா, இண்டைக்கு என்ன விரதமெண்டு சேருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. பேரைச் சொன்னால் காணும். அவர் எழுதிக்கொண்டு போகட்டும்."

மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. தலைவருக்கு விரதத்தின் பெயர் வரவில்லை. முகம் கறுத்துப் போனது. "பெரியாக்களோடை கதைக்கிற முறையோ இது? உங்களுக்குக் குசினி கட்டித் தந்தது உதுக்கோ?" என்று எழும்பினார். மேசை முழுக்க எழும்பியது. சபை ஐயா போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாத போனில் கதைத்தபடி வெளியே போனார். ஒருவர்கூட, அந்த மண்டபத்தில் இருந்த ஒரு பெரிய மனிசன்கூட, "ஏன் ஐயா அந்தப் பிள்ளையின்ரை சாப்பாட்டைச் சாப்பிடேல்லை?" என்று கேட்கவில்லை. கேட்டவள் அவள் மட்டும்தான். முறை தெரியாதவள் என்று பெயர் எடுத்தவளும் அவள் மட்டும்தான்.

நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். விரதகாரர் எல்லோரும் றோட்டைக் கடந்து எதிர்ப்பக்க பேக்கரிக்குப் போனார்கள். சோடா உடைத்தார்கள். ஆளுக்கொரு றோல்ஸ் சாப்பிட்டார்கள், ஆட்டிறைச்சி றோல்ஸ்! சபை ஐயாவின் வயிறும் சுகமாகிவிட்டது. அடே, அந்த றோல்ஸை உருட்டிய கை யாருடைய கை? மாவைப் பிசைந்தவனை எவடம் என்று கேட்டீர்களா, கோயிலைக் கேட்டீர்களா? இன்றைக்கு என்னுடைய ஹொட்டேலில் கலியாணங்களுக்கு வந்து வெட்டுகிறீர்களே, உள்ளே யார் சமைக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டதுண்டா? கேட்கமாட்டீர்கள். கை கண்ணுக்குத் தெரியாவிட்டால் உங்களுக்குப் பசிக்கும்.

முடிவு, சித்தியில்லை. மதிப்பீட்டாளர் அவளிடம், "நீங்கள் சொன்னதைப் போட என்னுடைய படிவத்தில் இடமில்லை தங்கச்சி" என்றார். கமிட்டியிடம் மன்னிப்புக் கேட்டால் இன்னொருமுறை சோதனை வைக்கலாம் என்று கல்லூரி சொன்னது. மன்னிப்பு எல்லாம் அவளுக்குக் கேட்கத் தெரியாது என்று முன்னமே சொன்னேன். வெள்ளைச் சட்டையைக் கழுவி, மடித்து, மிஸ்ஸின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தாயின் மெசின் ஓடிக்கொண்டே இருந்தது.

நெல்லியடியில் அவள் தேத்தண்ணிக் கடை போட்டிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சோடாக் கொம்பனிக்காரன் வந்து பிரிஜ்ஜும் பெயர்ப் பலகையும் சும்மா தருகிறேன் என்றானாம். வேண்டாம் என்று அனுப்பிவிட்டாளாம். சோடா இல்லாத கடையா என்று சனம் சிரித்ததாம்.

போன சித்திரை வெயிலில், அம்மாவைச் சித்தி வீட்டுக்குக் கூட்டிப் போகும் வழியில், ஓட்டோவை அந்தக் கடையடியில் நிறுத்தச் சொன்னேன். வேண்டுமென்றுதான் நிறுத்தினேன். அம்மாவின் தண்ணீர்ப் போத்தல் அச்சுவேலியிலேயே முடிந்துவிட்டிருந்தது. அவள் கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். சத்தம் அதே சத்தம். "அட, வாடி! வாங்கோ அன்ரி, இருங்கோ!" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். எனக்கும், ஓட்டோ அண்ணைக்கும், அம்மாவுக்கும் தேத்தண்ணி வந்தது. எல்லாம் பீங்கான் கப். அவள் தட்டத்தோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அம்மா கப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதட்டை நக்கிக்கொண்டார்.

"பிள்ளை, குளிரா ஒரு சோடா இருக்கோ?"

"இல்லை அன்ரி."

ஓட்டோ அண்ணை குடித்து முடித்து இன்னொன்று கேட்டார். நான் குடித்தேன். சாயம் தூக்கலாக, சீனி கூடலாக, அவளுடைய கைக்கேயுரிய மோசமான தேத்தண்ணி. அம்மாவின் கப்பில் ஆடை படர்ந்தது. "ஆறிப்போச்சு அன்ரி," என்று அவள் அதை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தாள். அதுவும் ஆறியது. மறுபடியும் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. கடைசியாகக் கப்பை வைக்கும்போது குனிந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அன்ரி, நீங்கள் தந்த கப்பிலை நான் குடிச்சனான்."

அம்மா எழும்பிப் போய் ஓட்டோவில் ஏறிக்கொண்டார். அவள் அந்தக் கப்பைக் கழுவி, மற்றக் கப்புகளோடு கவிழ்த்து வைத்தாள். "திரும்ப வரேக்குள்ளையும் கூட்டிக்கொண்டு வா," என்றாள் என்னிடம். "நான் இஞ்சைதான் நிப்பன்."

ஓட்டோ சந்தி தாண்டியதும் அம்மாவின் குரல் காய்ந்து வந்தது.

"பிள்ளை, எனக்குத் தலை சுத்துது. உந்தக் கடையிலை நிப்பாட்டி ஒரு சோடா வாங்கு."

ஓட்டோ அண்ணை வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"திருப்புங்கோ அண்ணை," என்றேன். "அம்மாவின்ரை கப் அங்கை கழுவி வைச்சபடி இருக்கு."